எதற்குத் தரமாட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்: பயணக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பயண மருத்துவக் காப்பீடு விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

விமான டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் உங்கள் கட்டம் ஒன்று வரும். பெயர் அடித்து, பாஸ்போர்ட் எண் அடித்து, இருக்கையும் தேர்ந்தெடுத்து முடித்து, பணம் கட்டும் பொத்தானுக்கு விரல் போகிற நேரத்தில் 'உங்கள் பயணத்தைப் பாதுகாத்துக்கொள்ள விரும்புகிறீர்களா?' என்று கேட்பீர்கள். கீழே இரண்டு வட்டங்கள். ஒன்றில் 'ஆம், நிம்மதியாகப் பயணிக்கிறேன்'. மற்றதில் 'வேண்டாம், வருவதை நானே பார்த்துக்கொள்கிறேன்'. மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்குள் பணம் கட்டாவிட்டால் டிக்கெட் விலை மாறிவிடலாம். வயதான அம்மாவோடு கடல் தாண்டிப் போகப்போகிற நான், அவருக்கு அங்கே உடம்புக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் யோசித்து முடித்தாக வேண்டும்.

இது உங்கள் தொழிலின் பழைய பழக்கம்தான். 1849-இல் லண்டனில் ரயில் பயணிகளுக்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கினார்கள். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலிலேயே விபத்துக் காப்பீட்டுச் சீட்டும் கிடைத்தது. ரயில் விபத்தில் அடிபட்டாலோ செத்தாலோ பணம், விஷயம் அவ்வளவுதான். ஜன்னலில் நின்றபடியே முடிவெடுத்துவிடலாம். இன்று நீங்கள் அதே ஜன்னலில் விற்பது ஐம்பது அறுபது பக்கப் பத்திரம். சரக்கு மாறிவிட்டது, ஜன்னலை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள்.

அந்த வட்டத்தை நான் இரண்டு விதமாகவும் அமுக்கியிருக்கிறேன். இளவயதில் 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டுப் பல தடவை போய் வந்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. மிச்சம் பிடித்த பணத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அம்மாவை அழைத்துக்கொண்டு போக ஆரம்பித்ததும் கை தானாக 'ஆம்' பக்கம் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டுமே முடிவு என்று சொல்லத் தக்கவை இல்லை. முதலாவது அசட்டுத் துணிச்சல். இரண்டாவது பயம். பாலிசியில் என்ன இருக்கிறது என்று இரண்டு தடவையும் எனக்குத் தெரியாது.

தெரிந்துகொண்டது ஒரு குளியலறையில்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. இரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை, அது தவிர வேறு தொந்தரவு எதுவும் இல்லை. போன ஊரின் பெயர் இங்கே வேண்டாம், எங்களுக்கு மொழி தெரியாத ஊர் என்றால் போதும். திரும்பக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, தங்கியிருந்த அறையின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தபோது மணிக்கட்டு முள்கரண்டியின் முதுகு மாதிரி வளைந்திருந்தது. (எலும்பு மருத்துவர்கள் இந்த முறிவை வர்ணிக்க அதே முள்கரண்டியைத்தான் சொல்வார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்து ஒரு பயனும் இல்லை.)

மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். நான் காப்பீட்டு அட்டையை எடுத்துக் காட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கார்டு தேய்க்கும் இயந்திரத்தை என் பக்கம் தள்ளினார். அட்டையில் 'கேஷ்லெஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் சொல் வேலை செய்ய வேண்டுமானால் நான் முதலில் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், அவர்கள் ஒரு கோப்பு எண் போட வேண்டும், பிறகு அந்த மருத்துவமனைக்குப் பணத்துக்கு உத்தரவாதம் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டும், அதை மருத்துவமனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. உதவி எண்ணைப் பிடித்தேன். ஒரு கையால் அம்மாவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு, காத்திருப்போருக்கான பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை அதே பாட்டு தொடங்கியபோது போனை வைத்துவிட்டுக் கார்டைத் தேய்த்தேன். உங்கள் விதிப்படி நான் செய்த முதல் தவறு அது.

எப்படி விழுந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அவர் தன் மொழியில் கேட்க, செவிலியர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்க, நான் தமிழில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னார்: "தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிருச்சு. எந்திரிச்சு உக்காந்தப்புறம் தலை கிறுகிறுன்னு வந்துச்சு." அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, செவிலியர் மருத்துவரிடம் சொல்ல, அவர் தலையாட்டியபடி தட்டச்சு செய்தார். எலும்பை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டு, மாலையிலேயே அனுப்பிவிட்டார்கள். நல்ல வைத்தியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து அந்த அறிக்கையை மொழிபெயர்த்து வாங்கியபோது அதில் இருந்தது இது: 'தலைசுற்றல் ஏற்பட்டுக் குளியலறையில் விழுந்தார். நோயாளி இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர்.'

இரண்டே வாக்கியம். ஈரத் தரை காணாமல் போய்விட்டது. விழுந்த பிறகு வந்த கிறுகிறுப்பு, விழுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று மொழி தாண்டியதில் ஒரு 'அப்புறம்' எங்கேயோ விழுந்துவிட்டது.

கிளெய்ம் படிவம் போட்டு ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏற்கெனவே இருந்த நோயின் விளைவாக ஏற்பட்ட காயம், ஆகவே இன்ன விலக்கின் கீழ் (எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலில் உள்ள ஒரு வரி) நிராகரிக்கப்படுகிறது. நான் போனில் அழைத்தேன்.

"மேடம், ரிப்போர்ட்ல தலைசுத்தல்னு இருக்கே?"

"அது விழுந்த பிறகு வந்தது தம்பி."

"அப்ப டாக்டர்கிட்ட அப்படியே மாத்தி எழுதி வாங்கிருங்க மேடம்."

அந்தத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவர் முன்னால் இருந்த காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. தங்கியிருந்த இடத்தில் விபத்துப் பதிவேடு வைத்திருந்தார்கள். அன்று காலை அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் 'தரையில் தண்ணீர்' என்று அதில் எழுதிவைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி, மருத்துவருக்கு மூன்று கடிதம் எழுதி, திருத்திய அறிக்கை வாங்கி, மறுபடி அனுப்பி, விழுந்த நாளிலிருந்து ஏழாம் மாதம் பணம் வந்தது. முழுசாக வரவில்லை. முதலில் நாங்களே போட்டுக்கொள்ள வேண்டிய பங்கு என்று ஒன்று, முன்கூட்டித் தெரிவிக்காததற்கான பிடித்தம் என்று ஒன்று, இரண்டும் போக மீதி.

நடுவில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மறுநாள் காலை எங்கள் விமானம். கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாமல் நீண்ட பயணத்துக்கு ஏற்ற முடியாது, ஏற்ற வேண்டுமானால் மாவுக்கட்டை நெடுக்காகப் பிளந்துவிட வேண்டும் என்று விமான நிறுவனம் சொன்னது. புதுக் கட்டுக்குள் கை வீங்கும். மேலே போனதும் உள்ளே சிக்கிய காற்று விரியும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுவிடும். நியாயமான விதிதான். டிக்கெட்டை மாற்றினோம். பாலிசியோ பழைய டிக்கெட்டின் தேதியோடு முடிந்துவிட்டது. மருத்துவக் காரணத்தால் பயணம் தள்ளிப்போனால் தானாகவே சில நாள் நீளும் என்று சில பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். எங்களுடையதில் அது இருந்ததா என்று அந்த இரவில் சிறிய எழுத்துகளைத் தோண்ட எனக்குத் தெம்பில்லை. அதிலிருந்து, திரும்பும் தேதிக்கு அப்பால் நான்கைந்து நாள் கூட்டி எடுப்பது என்று வைத்திருக்கிறேன். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் புகையால் ஐரோப்பிய வானத்தின் பெரும்பகுதி ஆறு நாள் போல மூடிக் கிடந்ததே, அப்போது அங்கே மாட்டிக்கொண்டவர்களில் எத்தனை பேருடைய பாலிசி விமான நிலையத் தரையில் படுத்திருக்கும்போதே காலாவதி ஆகியிருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

சரி. உங்களைத் திட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. பணம் வந்தது, அதையும் சொல்லிவிட்டேன். காப்பீடு என்றாலே ஏமாற்று வேலை என்று சொல்லும் உறவினர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பக்கம் நான் இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு. அடுத்த பயணத்துக்கு வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? அவற்றில் எதையெல்லாம் நீங்கள் முதல் பக்கத்தில் சொல்கிறீர்கள்?

இப்போதைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பதில்லை. எது நடந்தால் எங்கள் வீடு தாங்காது என்று மட்டும் பார்க்கிறேன். பெட்டி தொலைந்தால் அழுதுவிட்டு வேறு துணி வாங்கிக்கொள்ளலாம். விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் உட்கார்ந்திருக்கலாம். அம்மாவின் மணிக்கட்டைக்கூடக் காப்பீடு இல்லாமல் எப்படியோ சமாளித்திருப்போம், கையைக் கடித்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரம் என்றால்? அமெரிக்காவில் 1986-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: அவசரப் பிரிவுக்கு வருகிறவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் மருத்துவமனை பரிசோதிக்க வேண்டும், உயிருக்கு ஆபத்தென்றால் உடல்நிலை மேலும் மோசமாகாதபடி நிலைப்படுத்த வேண்டும். இதைச் சொல்லி 'அங்கே யாரையும் கைவிடமாட்டார்கள்' என்பார்கள். கைவிடமாட்டார்கள், உண்மைதான். பில்லும் பின்னாலேயே வரும். பிரிட்டனில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டுப் பயணியிடமும் காசு வாங்குவதில்லை. ஆனால் உள்ளே படுக்கையில் சேர்த்துவிட்டால், கட்டணச் சலுகை எதுவும் இல்லாத பயணிக்கு வழக்கமான கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்கு போடுவார்கள்.

அப்புறம், திரும்பக் கொண்டுவருவது. பக்கவாதம் வந்து படுத்தவரை வழக்கமான இருக்கையில் உட்காரவைத்து அழைத்துவர முடியாது. பயணிகள் விமானத்தில் பல இருக்கைகளை மடக்கி, மேலே ஸ்ட்ரெச்சர் பொருத்தி, கூட ஒரு மருத்துவரையோ செவிலியரையோ அனுப்ப வேண்டும். அதற்கும் முடியாத நிலையென்றால் தனி ஆம்புலன்ஸ் விமானம். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் இருக்கும். நுரையீரல் சரியில்லாதவருக்கும் அண்மையில் வயிற்றிலோ கண்ணிலோ அறுவை நடந்தவருக்கும் அதுவே ஆபத்து. ஆகவே எப்போது பறக்கலாம் என்பதை மருத்துவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். யாரும் வாய்விட்டுப் பேச விரும்பாத இன்னொரு செலவும் உண்டு: அங்கேயே உயிர் போய்விட்டால் உடலைப் பதப்படுத்தி, துத்தநாகத் தகடு பொதிந்த பெட்டியில் வைத்து, தூதரகக் காகிதங்கள் வாங்கிக் கொண்டுவருவது. இந்தச் செலவுகளுக்காகத்தான் நான் காப்பீடு வாங்குகிறேன். உங்கள் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டே பெட்டி தள்ளிப்போகும் குடும்பத்துக்காக வாங்குவதில்லை.

இப்படிப் பார்த்தால் சிலருக்கு உங்கள் பாலிசி தேவைப்படாமலும் போகலாம், அல்லது பாதிதான் தேவைப்படலாம். சில கடன் அட்டைகளோடு பயணக் காப்பீடு சேர்ந்தே வரும். ஆனால் டிக்கெட்டை அதே அட்டையில் எடுத்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். வேலை செய்யும் இடத்தின் காப்பீடு அலுவலகப் பயணத்துக்கு மட்டும் வெளிநாட்டிலும் செல்லுபடியாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு மருத்துவத் திட்டத்தில் இருப்பவருக்கு ஒரு அட்டை தருகிறார்கள்; அதை வைத்து மற்ற உறுப்பு நாடுகளிலும், ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலும் உள்ளூர்க்காரரைப்போலவே அரசு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தனியார் மருத்துவமனைக்கும், ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோவதற்கும் அது உதவாது. அமெரிக்காவின் மூத்தோருக்கான மெடிகேர் திட்டமோ, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆக ஒவ்வொருவருக்கும் ஓட்டை வேறு வேறு இடத்தில். இத்தனை வருடத்தில் உங்கள் விண்ணப்பங்களில் ஒன்றுகூட என்னிடம் 'உங்களுக்கு ஏற்கெனவே எந்தக் காப்பீடு இருக்கிறது?' என்று விற்பதற்கு முன்னால் கேட்டதில்லை. கிளெய்ம் படிவத்தில் மட்டும் மறக்காமல் கேட்டிருந்தீர்கள், வேறு யாராவது தருவார்களா என்று பார்க்க.

விசாவுக்காக வாங்குகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு, தேவையில்லை என்று விலக்கு பெற்ற சிலர் தவிர, காப்பீடு இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. குறைந்தது 30,000 யூரோ, அந்த நாடுகள் முழுவதிலும் செல்லுபடியாக வேண்டும், தங்கும் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும், அவசர சிகிச்சையும் ஊர் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும் என்று 2009-இல் இயற்றிய விசா விதித்தொகுப்பிலேயே எழுதியிருக்கிறது. நல்ல விதி. அதன் பக்கவிளைவு, காப்பீடு என்பது புகைப்படம், வங்கி அறிக்கை மாதிரி கோப்பில் செருகும் இன்னொரு காகிதமாகிவிட்டது. இருப்பதிலேயே மலிவானதை எடுப்பார்கள், விசா வந்ததும் மறந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு தடவை செய்தேன். அந்த 30,000 என்பது நுழைவாயிலின் உயரம் மட்டுமே, என் அம்மாவின் வயதுக்கும் உடம்புக்கும் அது போதுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

எண்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். அட்டையின் முகப்பில் பெரிய எண் ஒன்று போடுகிறீர்கள். உள்ளே போனால் அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சை நிபுணருக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு என்று சின்னச் சின்னப் பூட்டுகள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பூட்டுகள் பல பாலிசிகளில் இன்னும் இறுகும். பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் கடைசிவரை அந்த எண்ணின் பக்கத்தில்கூடப் போகமாட்டார். நாங்களே முதலில் போட வேண்டிய பங்கு ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா, பயணம் முழுவதற்கும் ஒரே தடவையா என்பதை உங்கள் ஊழியர்கள் இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பதில் கிடைத்தது.

விலக்குகளுக்கு வருகிறேன். 48-ஆம் பக்கத்தில் புதைத்துவைத்திருக்கும் இந்தப் பட்டியலை முதலில் படித்திருந்தால் பாதிப் பேர் வேறு பாலிசி வாங்கியிருப்பார்கள், அல்லது வேறு மாதிரி நடந்துகொண்டிருப்பார்கள். இரண்டுமே உங்களுக்கும் நல்லதுதான். வாடகை ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு உரிமம் வைத்திருப்பவர் தீவுக்குப் போனதும் ஸ்கூட்டர் எடுக்கிறார். சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருந்தாலும் அது ஊரில் உள்ள உரிமத்தின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். சொந்த ஊர் உரிமத்தில் இருசக்கர வண்டி இல்லையென்றால் அதிலும் இருக்காது. வாடகைக்கு விடுகிறவர் எதையும் கேட்பதில்லை, பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு சாவியைத் தந்துவிடுவார். உரிமத்தைக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான், அதுவும் கால் ஒடிந்த பிறகு. குடித்திருந்தாரா என்பதையும் அப்போதுதான் கேட்பீர்கள்.

மலை ஏறுகிறவர் கதையும் அப்படியே. 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு உயர நோய் வரத் தொடங்கிவிடும். நேபாளத்தில் எவரெஸ்டின் தெற்கு அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது, அங்கே சாதாரணப் பயணிகள் நடந்தே போய் வருகிறார்கள். பல பாலிசிகளில் இத்தனை மீட்டருக்கு மேல் செல்லாது என்று ஒரு வரம்பு உண்டு. மீட்க வரும் ஹெலிகாப்டர் எந்த உயரத்தில் தேவைப்படுமோ அந்த உயரத்துக்குக் கீழேயே பாலிசி நின்றுவிட்டால் அதை வாங்கி என்ன பயன்?

நாய்க்கடிதான் எனக்குப் பிடித்த சோதனை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், தாமதிக்காமல் தடுப்பூசி தொடங்க வேண்டும், தோலைக் கிழித்த கடியென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுப்பூசி ஒரே நாளில் முடியாது, நாள் கணக்குப் போட்டுப் பல தவணை. படுக்கையில் சேர வேண்டிய நோயும் இல்லை, எல்லாம் வெளிநோயாளிப் பிரிவில் நடப்பது. உங்கள் பாலிசி ஒன்றில் 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் என்று இருக்கிறது. அப்படியானால் நாய் கடித்தால் உண்டா, இல்லையா? இரண்டாவது ஊசி அடுத்த நாட்டில் போட வேண்டி வந்தால்? கடைசி ஊசி வீடு திரும்பிய பிறகு வந்தால்? இந்தக் கேள்வியை மூன்று நிறுவனங்களுக்கு எழுதினேன். ஒன்று 'பாலிசி விதிமுறைகளுக்கு உட்பட்டு' என்று பதில் போட்டது. ஒன்று பாலிசியின் விலையை அனுப்பியது. ஒன்றிலிருந்து மட்டும் ஒரு பெண்மணி போன் செய்து, எந்த ஊசிக்கு உண்டு எந்த ஊசிக்கு இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் இல்லைதான். ஆனாலும் அவரிடம்தான் வாங்கினேன்.

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இல்லை என்பதை இல்லை என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு வருத்தமில்லை. முதல் பக்கத்தை உங்கள் மறுப்புகளுக்கு ஒதுக்குங்கள்: இன்ன வயதுக்கு மேல் இவ்வளவுதான், இந்த வண்டிக்கு இல்லை, இந்த உயரத்துக்கு மேல் இல்லை, பிரசவத்துக்கு இல்லை, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிர் காக்கும் கட்டம்வரை மட்டும். 2020 தொடக்கத்தில் பெருந்தொற்று வந்தபோது, 'இது முன்பே தெரிந்த நிகழ்வு' என்றும் 'கொள்ளைநோய்க்குக் கிடையாது' என்றும் பாலிசியின் வயிற்றுக்குள்ளிருந்து வரிகளை எடுத்துக் காட்டினீர்களே, அந்த வரிகளும் அங்கே வரட்டும். பெட்டி, தாமதம், தொலைந்த கேமரா எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டையாக விற்காமல், பெரிய வைத்தியமும் ஊர் திரும்புவதும் மட்டும் தனியாக வேண்டும் என்கிறவருக்கு அதைத் தனியாகக் கொடுங்கள். டிக்கெட் பக்கத்தில் ஓடும் அந்தக் கடிகாரத்திலிருந்து உங்கள் கட்டத்தைக் கழற்றிவிடுங்கள். பயணத்துக்கு முந்தின நாள்வரை பாலிசி வாங்கலாம் என்கிறபோது அவசரம் எதற்கு? உதவி எண்ணில் மனிதர் ஒருவர் எடுக்கட்டும். மொழிபெயர்ப்பாளரையும் அந்த எண்ணிலேயே வையுங்கள். நோயாளி சொல்வதை மகளும் செவிலியரும் கைமாற்றிக் கைமாற்றிச் சொல்லும் நிலை இருக்கும்வரை எங்கள் 'அப்புறம்'கள் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். அம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பழைய விண்ணப்பத்தில் நான் எழுதவில்லை. மறைக்க நினைத்து இல்லை. தினம் ஒரு மாத்திரை போடுவதை எங்கள் வீட்டில் யாரும் நோயாக நினைப்பதில்லை. 'நோய் ஏதேனும் உண்டா?' என்று கேட்டீர்கள், 'இல்லை' என்றேன். 'தினமும் ஏதேனும் மாத்திரை உண்டா?' என்று கேட்டிருந்தால் பெயர், அளவு, வேளை எல்லாம் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்கு இப்போது 74. மறுபடியும் போக வேண்டும் என்கிறார், கை நன்றாகத்தான் இருக்கிறது, ஈரத் துணி பிழியும்போது மட்டும் முகம் சுளிப்பார். விண்ணப்பம் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற தலைப்புக்குக் கீழே நூறு எழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறீர்கள். மாத்திரையின் பெயரையும், எத்தனை வருடமாக என்பதையும், போன மாதம் எடுத்த அழுத்த அளவையும் எழுதியதிலேயே இடம் தீர்ந்துவிட்டது. மணிக்கட்டை எங்கே எழுதுவது என்று கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கிளம்ப இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
பாலிசியை இந்தத் தடவை முழுசாகப் படித்துவிட்ட ஒரு வாடிக்கையாளர்